கத்தியும் முள்ளும்

பெரம்பலூருக்கு இன்றளவும் ரயில் கிடையாது. ஜில்லாத் தலைநகர் என்னும் பட்டம் 1995-ம் ஆண்டிலேயே அவ்வூருக்குக் கிடைத்துவிட்டது. தண்டவாளம் மாத்திரம் கிடைத்தபாடில்லை. ஆகையால் சென்னைக்கு ரயிலில் போக விரும்பும் பெரம்பலூர்வாசி முதலில் கிழக்கே பஸ்ஸேறி அரியலூர் வந்து சேர வேண்டும். விழுப்புரத்தையும் திருச்சியையும் நேராக இணைத்து 1929-ல் திறக்கப்பட்ட குறுக்குப் பாதை அரியலூர் வழியே போவதால் அந்த ஊருக்கு வாய்த்த அதிர்ஷ்டம் அது. சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் காலை நாமும் அவ்விதமே வந்து, பிளாட்பாரத்தில் ரயிலை எதிர்பார்த்து நின்றோம். போகிற காரியம் என்னவென்று சொன்னால் வாசகர்கள் சிரிப்பார்கள். சாப்பிடப் போனோம்! ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக 250 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம்.

அழைத்துப் போனவன் நம்முடைய பழைய மாணவன். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவிலுள்ள ஒரு சிற்றூர்க்காரன். அவனுடைய தகப்பனார் ஆடு மேய்ப்பவர். உருவத்தில் சிறுத்து, உடம்பெல்லாம் கறுத்து, கம்பளத்துக்குதவும் முரட்டு மயிருடன் நம் பக்கத்துக் காடுகளில் திரியும் ‘திருச்சிக் கறுப்பு’ ஆடுகளை வாசகர்களில் சிலர் பார்த்திருக்கலாம். அறுவடையான நிலங்களில் அவற்றைக் கிடை போட்டு, இரவெல்லாம் காவல் இருப்பது பெரியவரின் தொழில். அந்த ஆடுகளில் ஒன்றாவது அவருக்குச் சொந்தமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பையன் சிங்கப்பூரில் ஒரு ‘ஸ்டேக் ஹவுஸ்’ என்னும் போஜனசாலையில் அடுப்பங்கரை உத்தியோகம் பார்க்கிறான். முதலில் தட்டுக் கழுவி, பிறகு வெங்காயம் உரித்து, பிறகு படிப்படியாக நெருப்புக்கு முன்னால் நிற்கும் பதவிக்கு வந்தவன். பத்து வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்கு இறைச்சி சுட்டுக் கொடுத்தும், அந்த மேஜைகளில் ஒன்றிலே அமர்ந்து, இன்னொருவர் கொண்டுவந்து வைக்க ஒரு தரமாவது சாப்பிட்டதில்லையாம். “ஊரிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் சார். அப்பாவைக் கூப்பிட்டேன். ‘செருப்பை வெளியே கழற்றிப் போடணுமா?’ என்று கேட்டார். வேண்டாமென்று சொன்னேன். அப்படியும் வரமாட்டேன் என்றுவிட்டார். நீங்கள் வாருங்கள்” என்றான்.

நாம் மரக்கறி உணவுக்காரர். இறைச்சிக்குப் பேர் போன இடத்தில் நமக்கு என்ன வேலை? ஆயினும் மறுக்க முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் இங்கிலீஷ் பாடத்தில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கியிருந்த அவனை எழுந்து நிற்கச் சொல்லி, வகுப்பு முழுவதும் கேட்கும்படி, “நீ ஹோட்டலில் எச்சில் இலை எடுக்கத்தான் போகிறாய்” என்று ஒரு நாள் நாம் ஆசீர்வதித்திருந்தோம். வாத்தியார் வாக்கு பாதி பலித்துவிட்டது. அதை அவன் மறந்திருப்பான் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோம். ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம், சிரித்துக்கொண்டே அதை அவனே ஞாபகப்படுத்தினான்.

ஸ்டேக் என்றால் என்ன? வேறொன்றுமில்லை. கனமாக வெட்டிய இறைச்சித் துண்டு ஒன்றை நெருப்பில் வாட்டி, உப்பும் மிளகும் தூவிக் கொடுப்பதுதான். கோலில் குத்திச் சுட்டது என்ற பொருளில் வடதேசத்து நார்ஸ் மொழியில் வழங்கிய சொல் அது. மசாலை இல்லை, குழம்பு இல்லை, தேங்காய் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் இதைப் பார்த்தால் சமையல் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்பார்கள். ஆனால் இந்த ஒரு துண்டுக்காகவே லண்டன் மாநகரில் 1735-ல் கனவான்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். ஸ்விட்ஸர்லாந்திலிருந்து போன டெல்மானிகோ சகோதரர்கள் 1837-ல் நியூயார்க்கில் கட்டிய போஜனசாலையின் பெயரை, இன்றும் அமெரிக்காவில் ஒரு வகைத் துண்டுக்கு வைத்து வழங்குகிறார்கள். புரூக்ளினில் 1887-ல் தோன்றிய பீட்டர் லூகர் கடை இப்பொழுதும் நடக்கிறது. ஜப்பானியரோ ஆயிரம் வருஷங்களுக்கு மேலாக மாட்டிறைச்சியை விலக்கி வைத்திருந்தவர்கள். 1872-ல் மெய்ஜி சக்கரவர்த்தி தாம் அதை உண்டதை ஊரறியச் செய்தார். இன்று அந்தத் தேசத்தின் கோபே மாட்டுக்கு உலகமெங்கும் கிராக்கி.

இதெல்லாம் நாம் புஸ்தகத்தில் படித்த சங்கதி. நெருப்புக்கு முன்னால் நின்றவனுடைய பாடம் வேறு. அதை அவன் சொல்லக் கேட்டபோது, எட்டாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் எங்கே, இவன் எங்கே என்று தோன்றியது.

நல்ல போஜனசாலைகளில் இறைச்சி அன்றன்று வெட்டியதாக இராதாம். தண்ணீர் உறையும் நிலையை ஒட்டிய குளிர் அறையில், காற்றோட்டத்தில், மூன்று நான்கு வாரங்கள் தொங்கவிட்டு வைக்கிறார்கள். வாழைத்தாரைப் பழுக்கப் போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சிக்குள் இயற்கையாகவே இருக்கும் நொதிப் பொருள்கள் நார்களை மெல்லத் தளர்த்துகின்றன, நீர் வற்றுகிறது, ருசி திரள்கிறது. மேற்புறம் காய்ந்து கறுத்துப்போவதைச் சீவி எறிகிறார்கள். நீர் வற்றியது ஒரு நஷ்டம், சீவி எறிந்தது ஒரு நஷ்டம். இரண்டும் சாப்பிடுகிறவர் தலையில்தான் விடிகிறது.

அப்புறம் பதம். நடுப்பாகம் 50 டிகிரிச் சூட்டைச் சற்றே தாண்டியதும் எடுத்தால் உள்ளே செக்கச்செவேலென்றிருக்கும், அது ‘ரேர்’. 60-ஐ ஒட்டினால் இளஞ்சிவப்பு, அது ‘மீடியம்’. 70-ஐத் தாண்டினால் ‘வெல் டன்’, சிவப்பே இராது. தட்டில் கசிகிற சிவப்பு நீரைப் பார்த்து ரத்தம் என்று நம்மவர்கள் முகம் சுளிப்பதுண்டு. அது ரத்தமன்று, தசையிலுள்ள மையோகுளோபின் என்னும் பொருள் நீரில் கலந்த நிறம். வெளிப்புறத்துப் பழுப்புப் பொருக்கின் மணத்துக்குக் காரணத்தை 1912-ல் மேயார் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டு எழுதினார். தோசையின் முறுகலுக்கும் வறுத்த காப்பிக்கொட்டையின் வாசனைக்கும் அதே காரணந்தான். எனவே அந்தப் பொருக்கைக் கண்டு நாம் பயப்பட வேண்டியதில்லை; காலையில் அரியலூரில் இரண்டு முறுகல் தோசை தின்றுவிட்டுத்தானே ரயிலேறினோம்!

“தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பாயா?” என்று கேட்டோம். விரலால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவானாம். தன் உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழுள்ள சதையை ஒவ்வொரு விரலாகச் சேர்த்து அழுத்திக் காட்டி, “இது ரேர், இது மீடியம், இது வெல் டன்” என்றான். அந்தக் கையில் சூட்டுத் தழும்புகள் ஏழெட்டு இருந்தன.

ஜன்னலுக்கு வெளியே நம் சீமையின் மானாவாரி நிலம் ஓடிக்கொண்டிருந்தது. பெரம்பலூர் என்றால் சின்ன வெங்காயம் என்பது ஒரு காலம், இப்பொழுது மக்காச்சோளம். அந்தச் சோளம் நாம் உண்பதற்கன்று. பெரும்பகுதி கோழித் தீவனமாகி, நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் முட்டையாக மாறுகிறது. அமெரிக்காவிலோ அதே சோளத்தை மாட்டுக்குப் போடுகிறார்கள். புல் மேய்ந்து வளர்ந்த மாட்டைக் கடைசி நாலைந்து மாதம் கொட்டடியில் நிறுத்திச் சோளத்தால் கொழுக்க வைத்தால், பளிங்குக் கல்லில் ரேகை ஓடுவது போல் இறைச்சியினூடே வெள்ளைக் கொழுப்பு ஓடுமாம். அதற்குத்தான் விலை. இப்படி ஒரு கிலோ எடை ஏறுவதற்குள் மாடு ஆறு கிலோவுக்குக் குறையாமல் தின்றுவிடுகிறது. “நம் ஊர்ச் சோளத்தைக் கண்டால் அங்கே எனக்கு ஞாபகம் வரும் சார். இங்கே கோழி தின்கிறது, அங்கே மாடு தின்கிறது, விதைக்கிறவர்கள் ரேஷன் அரிசி தின்கிறார்கள்” என்றான். நூற்றுக்குப் பதினொன்று வாங்கியவன் சொன்னதாக்கும் இது!

விருத்தாசலம் தாண்டியதும் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தான். பிறகு, நாம் கேளாமலே ஒரு விஷயம் சொன்னான். ஆட்டிறைச்சி அவன் வீட்டில் பண்டிகைக்குத்தான் உண்டு. மாட்டிறைச்சி விலை மலிவு; ஆகவே அதுதான் வாரத்தில் ஒரு நாள் குழம்பு. மறுநாள் மத்தியானம் அந்தக் குழம்புச் சோறே பள்ளிக்கூட டிபன் டப்பாவில் வரும். அன்றைக்கெல்லாம் மூடியை முழுக்கத் திறக்காமல், பாதி மூடியவாறே, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவானாம். “நீங்கள் ஒரு தடவை அந்தப் பக்கம் வந்தீர்கள் சார். ‘என்னடா நாற்றம்’ என்றீர்கள். யாரையும் குறிப்பாகச் சொல்லவில்லை” என்றான்.

நமக்கு அது ஞாபகமில்லை. ஞாபகமில்லாததுதான் நம்மை அதிகமாக உறுத்தியது.

சாப்பாட்டு இடத்தில் மனிதனைப் பிரித்து வைக்கும் கலையில் நம் மாகாணம் ஒரு காலத்தில் பிரசித்தி பெற்றிருந்தது. சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டது 1925-ல் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கிவிட்டது. அதை நடத்தி வந்த வ. வே. சு. ஐயர் தேசத்துக்காக உயிரைத் துச்சமாக மதித்த வீரர். எனினும் ஒரு பந்தி விஷயம் அவரையும் பதவி விலகச் செய்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம் என்றிருந்த ஏற்பாடு 1941-ல்தான் ஒழிந்தது. வெள்ளைக்காரர்களுக்கோ ஸ்பென்ஸர் கம்பெனியாரின் சிற்றுண்டி அறை வேறே இருந்தது. அங்கே வெள்ளைத் துணி விரித்த மேஜையும் கத்தியும் முள்ளும். அதே ஸ்பென்ஸர்தான் மதராஸ் மவுண்ட் ரோடில் கன்னிமரா ஹோட்டலையும் நடத்தி வந்தது. 1886 முதல் 1890 வரை கவர்னராயிருந்த கன்னிமரா பிரபுவின் பெயரால், ஒரு பக்கம் பெரிய நூல்நிலையம். மறுபக்கம் பெரிய ஹோட்டல். படிப்பவனுக்கு ஒன்று, பணமுள்ளவனுக்கு ஒன்று. அதே வீதியில் டி ஆஞ்சலிஸ் என்று மற்றொரு ஹோட்டல்காரர் இருந்தார். அவர் ஓர் ஆகாய விமானத்தைக் கட்டி 1910-ல் பறந்தும் காட்டினார். சமையலறையில் இருப்பவர்களை அற்பமாக எண்ணக்கூடாது என்பதற்காக இதைச் சொல்லி வைத்தோம். நமக்கு நாமே சொல்லிக்கொண்டதாகவும் வைத்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஹோட்டலுக்குப் போனோம். பெயர் எதற்கு? சென்னையிலுள்ள பெரிய ஹோட்டல்களில் ஒன்று. வாசலில் மீசைக்காரச் சேவகன் ஒருவன் நமக்குச் சலாம் வைத்தான். பதிலுக்கு நாமும் வைத்துவிட்டோம்.

உள்ளே வெளிச்சம் குறைவு. இவ்வளவு பணம் வாங்குகிறவர்கள் இன்னும் இரண்டு விளக்குப் போடக்கூடாதா என்று நினைத்தோம். பண்டங்களின் பட்டியலைக் கொடுத்தார்கள். தோல் அட்டை போட்டு, நம் பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் கனம் இருந்தது. இங்கிலீஷ் வாத்தியார் என்ற மிடுக்குடன் அதைத் திறந்தோம். முதல் பக்கத்திலேயே ஆறு சொற்கள் நமக்கு விளங்கவில்லை. பிரெஞ்சு என்று பிற்பாடு தெரிந்தது. பையன் நம் பக்கம் சாய்ந்து, காதோடு காதாக, ஒவ்வொன்றுக்கும் பொருள் சொன்னான். நாம் அவனுக்கு ஒரு நாளும் அவ்வளவு மெதுவாகப் பாடம் சொன்னதில்லை.

முதலில் வந்தது சூப். பார்க்கக் காளான் சூப்தான். ஆனால் எதில் காய்ச்சியதோ? கேட்கலாமா? கேட்டால் பட்டிக்காடு என்று எண்ணிவிடுவார்களோ? இந்தத் தர்மசங்கடம் நமக்கு முன்னால் மிகப் பெரியவர் ஒருவருக்கு நேர்ந்திருக்கிறது. லண்டனில் பாரிஸ்டர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நாளில் காந்திஜியை ஒரு ஸ்நேகிதர் ஹோல்பார்ன் ரெஸ்டாரெண்டுக்கு அழைத்துப் போனார். பெரிய இடம், நாலு பேர் கூடும் சபை. அங்கே வாய் திறந்து கேட்கமாட்டார், மாமிசம் சாப்பிட்டு விடுவார் என்பது ஸ்நேகிதரின் எண்ணம். சூப் வந்தது. காந்திஜி பரிசாரகனைக் கூப்பிட்டார். ஸ்நேகிதருக்கு வந்தது கோபம். நாகரிகமான கூட்டத்தில் பழகத் தெரியாதவன் வெளியே போய் எங்கேயாவது சாப்பிட்டுவிட்டுக் காத்திரு என்றார். காந்திஜி சந்தோஷமாகவே வெளியே போனார். பக்கத்திலிருந்த மரக்கறி உணவு விடுதி சாத்தியிருந்தது. அன்றிரவு பட்டினி. பட்டினியோடே ஸ்நேகிதருடன் நாடகத்துக்கும் போனார்! அதற்குப் பிறகுதான், நாகரிகத்தில் யாருக்கும் சளைக்கக்கூடாதென்று, பாண்ட் வீதியில் பத்துப் பவுனுக்கு உடுப்புத் தைத்ததும், நடனமும் பிடிலும் கற்கப் புறப்பட்டதும். மூன்று மாதத்தில் அந்த மயக்கம் தெளிந்தது. ‘சத்திய சோதனை’யில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

நாம் கேட்பதற்குள் பையனே பரிசாரகரை அழைத்து, “இந்த சூப்புக்கு அடிப்படை என்ன? கோழிச் சாறா?” என்று கேட்டான். பரிசாரகர் முகம் சுளிக்கவில்லை. உள்ளே போய் விசாரித்து வந்து, கோழிச் சாறுதான் என்று ஒப்புக்கொண்டு, பத்து நிமிஷத்தில் வேறொன்று கொண்டுவரச் செய்தார். ஹோல்பார்ன் ஸ்நேகிதருக்கும் நம் மாணவனுக்கும் உள்ள தூரத்தை அந்தப் பத்து நிமிஷமும் அளந்துகொண்டிருந்தோம்.

நமக்கு வாட்டிய உருளைக்கிழங்கும் காளானும் கீரையும் வந்தன. அவனுக்கு ஸ்டேக் வந்தது. மாட்டிறைச்சியை வெளிநாட்டிலிருந்து தருவிக்க நம் நாட்டில் தடை. ஆகையால் இங்கே பெரும்பாலும் எருமையின் மிருதுவான முதுகுச் சதையையே ஸ்டேக்குக்கு உபயோகிக்கிறார்கள் என்று சொன்னான். வெட்டுவதற்கு முன் தட்டையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். விரலால் லேசாக அழுத்தினான். “அரை நிமிஷம் கூடிப்போய்விட்டது” என்றான். பிறகு, உள்ளே எவனோ ஒருவன் வியர்வையுடன் நின்றுகொண்டிருப்பது நினைவுக்கு வந்தவன் போல, “பரவாயில்லை, ராத்திரிக் கூட்டம்” என்றான்.

இடது கையில் முள், வலது கையில் கத்தி. துண்டு துண்டாக வெட்டி அவன் சாப்பிட்ட நேர்த்தியைப் பார்த்தால் பிறந்தது முதல் அப்படியே சாப்பிட்டவன் என்று தோன்றும். ஆனால் முதுகை நாற்காலியில் சாய்க்கவேயில்லை. யாராவது கூப்பிட்டால் உடனே எழுந்து ஓடத் தயாராக இருப்பவன் போல் நுனியில்தான் உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டு முடித்ததும், அவனை அறியாமலே, இரண்டு தட்டுகளையும் ஒன்றன் மேலொன்றாக அடுக்கி, கத்தி முள்ளை மேலே ஒழுங்காக வைத்து, எழுந்தே விட்டான். பரிசாரகர் விரைந்து வந்து, “சார், நீங்கள் உட்காருங்கள்” என்று தட்டுகளை வாங்கிக்கொண்டார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று நினைக்கிறோம், “எந்த ஊர்க் கிச்சன்?” என்று மெல்லக் கேட்டார். அப்பொழுதுதான் நம் மாணவன் முதல் தடவையாகச் சாய்ந்து உட்கார்ந்தான். இருவரும் அடுப்பு வகைகளைப் பற்றிக் கால் மணி நேரம் சம்பாஷித்தார்கள். நாம் ஐஸ்கிரீமைத் தின்றுகொண்டு சும்மா இருந்தோம்.

பில்லை நமக்குக் காட்ட மறுத்தான். எட்டிப் பார்த்துவிட்டோம். தொகையை இங்கே எழுதப்போவதில்லை. அவன் தகப்பனார் எத்தனை இரவு கிடைக்காவல் இருந்தால் அது சேரும் என்று கணக்குப் போட ஆரம்பித்தோம். கணக்கு வாத்தியார் இல்லை நாம் என்று நிறுத்திக்கொண்டோம்.

மறுநாள் அரியலூரில் இறங்கி, அவன் ஊருக்கே போனோம். பெரியவர் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். நம்மைக் கண்டதும் எழுந்து, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கட்டிலைத் தட்டினார். நாம் உட்கார்ந்தோம். அவரையும் உட்காரச் சொன்னோம். சிறிது தயங்கி, கட்டிலின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார்.

“என்ன சாப்பிட்டீங்க வாத்தியாரய்யா?”

நாம் சாப்பிட்டதைச் சொன்னோம். கிழங்கும் கீரையும் என்று கேட்டு அவர் நம்மை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பி, “நீ என்ன கறிடா தின்ன?” என்றார்.

“எருமை.”

பெரியவர் சிரித்த சிரிப்பில், பட்டியில் படுத்திருந்த ஆடுகள் இரண்டு எழுந்து நின்றன. “எருமைக் கறிக்கா மெட்ராஸுக்கு ரயிலேறிப் போனீங்க?” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சரி, எம்புட்டு ஆச்சு?”

பையன் நம் முகத்தைப் பார்த்தான். பொய் சொல்லக்கூடாதென்று இருபது வருஷமாகப் பாடம் நடத்தி வருகிறவர் நாம். பில்லில் கண்ட தொகையில் கடைசிச் சைபரை எடுத்துவிட்டு, மிகுந்ததைச் சொன்னோம்.

“அடேயப்பா, அவ்வளவா!” என்றார் பெரியவர்.